ஒரு ரூபாயின் உடம்பு

எடை சொன்ன மேடை, ஊருக்குப் பேச வைத்த பெட்டி, குடிதண்ணீர் ஊற்றும் குழாய்: காசு போட்டால் இயங்கும் எந்திரங்களைத் தேடி ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில்...

பாரூர் பெரிய ஏரியைத் தாண்டிப் போச்சம்பள்ளிப் பக்கம் வண்டியை விட்டால், வழியில் வரும் பல ஊர்களில் தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கட்டடம் கண்ணில் படும். சுவரில் எவர்சில்வர் முகப்பு, அதன் நடுவில் காசு போடும் பிளவு, கீழே குழாய். காலையில் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் இரண்டு கேன்களைக் கட்டிக்கொண்டு வருகிறவர் ஐந்து ரூபாய் நாணயத்தைப் போடுகிறார். உள்ளே ஒரு சொடுக்கு. தண்ணீர் பீறிட்டு வந்து, 20 லிட்டர் கேன் கழுத்துவரை நிறைந்ததும் தானே நிற்கிறது. அடுத்து நிற்பவர் போட்ட காசு மட்டும் கீழ்க் கிண்ணத்தில் 'டிங்' என்று திரும்பி விழுகிறது. “வேற காசு போட்டுப் பாருங்கண்ணா, தேஞ்ச காசை அது எடுக்காது” என்கிறார் பின்னால் குடத்தோடு நிற்கும் பெண். அவரே தன் சுருக்குப் பையைத் துழாவி வேறொரு காசை நீட்டுகிறார். அதை எந்திரம் எடுத்துக்கொள்கிறது.

எப்படித் தெரிந்தது அதற்கு? அந்த முகப்பைத் திறந்தால் பின்பக்கம் உள்ளங்கை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். 'காயின் அக்செப்டர்' என்கிறார்கள் மெக்கானிக்குகள். மலிவான வகைப் பெட்டியில் இரண்டு கம்பிச்சுருள்களுக்கு நடுவே ஓர் ஐந்து ரூபாய் நாணயம் செருகப்பட்டிருக்கும். அதுதான் மாதிரிக் காசு. நாம் போடும் காசு அடுத்த சந்து வழியாகச் சரிந்து விழும் அந்தக் கண நேரத்தில், அதன் உலோகமும் பருமனும் சுருளின் மின்காந்தப் புலத்தை எப்படிக் குலைக்கின்றன என்பதை எந்திரம் மாதிரிக் காசோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் கல்லாவுக்கு, இல்லையென்றால் கிண்ணத்துக்கு. காசில் என்ன எழுதியிருக்கிறது, யார் படம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் காசின் உடம்பு ஒன்றுதான்.

காசு போட்டால் இயங்கும் எந்திரங்களில் நமக்குத் தெரிந்த மிகப் பழையதும் தண்ணீர் கொடுத்ததுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோன் என்ற கிரேக்கப் பொறியாளர் தன் நூலில் அதை விவரித்திருக்கிறார். கோயில் வாசலில் ஒரு பாத்திரம். மேலே பிளவு வழியே விழும் நாணயம், உள்ளே ஒரு நெம்புகோலின் முனையில் உள்ள தட்டில் வந்து உட்காரும். அந்தக் கனத்தில் தட்டு சாய, மறுமுனை உயர்ந்து அடைப்பானைத் தூக்கும், தீர்த்தம் வழியும். தட்டு சாயச் சாய நாணயம் வழுக்கிக் கீழே விழுந்துவிடும், அடைப்பான் மூடிக்கொள்ளும். மின்சாரம் கிடையாது, மணிப்பொறி கிடையாது. காசின் எடை ஒன்றே விசை. இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்துப் பாரூர்ப் பக்கத்தில் ஒரு விவசாயி அதே வேலைக்குத்தான் காசு போடுகிறார்.

இந்த வட்டாரத்தில் இந்தக் குழாய்களுக்கு ஒரு கசப்பான காரணமும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டிய கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பழுப்பேறிய பல்லை இங்கே யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008ல் அடிக்கல் கண்டு 2013ல் திறக்கப்பட்டது இதற்காகத்தான். காவிரித் தண்ணீர் வந்த பிறகும் சுத்திகரிப்பு நிலையங்கள் நின்றுவிடவில்லை. எல்லைக்கு அப்பால் கர்நாடகக் கிராமங்களிலும் இதே காசுக் குழாய்தான்.

ஆக, இந்தக் குழாய் பிழைத்திருக்கிறது. அதன் அண்ணன்களெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டார்கள்.

எடை சொன்ன மேடை

அவர்களில் மூத்தவர் ரயில் நிலையத்து எடை பார்க்கும் எந்திரம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு அது வெளியூர்ச் சொந்தம். 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், அடுத்த ஆண்டு மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கும் குறும்பாதை ரயில் ஓடியது. தர்மபுரிப் பாதை பிறகு ஓசூர்வரை நீண்டது. 1940களின் தொடக்கத்துக்குள் இரண்டும் மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. ஓசூருக்கும் தர்மபுரிக்கும் ரயில் பிற்பாடு திரும்பி வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகருக்கு இன்றும் ரயில் நிலையம் இல்லை. அதனால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் அந்த எந்திரத்தைப் பார்த்தது ஜோலார்பேட்டையிலோ பெங்களூரு சிட்டி நிலையத்திலோதான். சில பெரிய பஸ் நிலையங்களிலும் சினிமா தியேட்டர் வாசலிலும்கூட அது நின்றதுண்டு.

ஆள் உயரப் பெட்டி. கண்ணாடிக்குப் பின்னால் கலர் கலராகக் குட்டி பல்புகள், சிவப்பும் வெள்ளையுமாகச் சுழலும் சக்கரம். மேடையில் ஏறி நிற்க வேண்டும். சக்கரம் நிற்கும்வரை பொறுக்க வேண்டும், பிறகுதான் காசு போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் எடை தப்பாக வரும் என்று பின்னாலிருந்து அப்பா அதட்டுவார். 'கடக்' என்ற சத்தத்தோடு பழைய ரயில் டிக்கெட் அளவில் ஒரு தடித்த அட்டை கிண்ணத்தில் விழும். ஒரு பக்கம் கிலோ கணக்கு. மறு பக்கம் ஒரு சினிமா நட்சத்திரத்தின் படமோ, நம் குணத்தையும் வருங்காலத்தையும் பற்றி இரண்டு வரியோ. எடையை அம்மா படிப்பார், பலனை எல்லோரும் படிப்பார்கள்.

உள்ளே நடந்தது அழகான வேலை. மேடைக்குக் கீழே ஒன்றோடொன்று கோத்த நெம்புகோல்கள் நம் கனத்தைப் பல மடங்கு சுருக்கி ஒரு கம்பிக்குக் கொண்டு போகும். கம்பி ஒரு ஸ்பிரிங்கையோ எதிர்கனத்தையோ இழுக்கும். அந்த இழுப்பின் அளவுக்கு எண்கள் பொறித்த சக்கரம் திரும்பி நிற்கும். அதாவது காசு போடும் முன்பே எந்திரத்துக்கு நம் எடை தெரிந்துவிடுகிறது! எடை பார்ப்பதில் காசுக்குப் பங்கே இல்லை. அது விழுந்து ஒரு தாழ்ப்பாளை விலக்கும். உடனே எண் சக்கரம் இறுகி நிற்க, அச்சு அட்டையில் பதிய, அட்டை கீழே இறங்கும். பலன் சொல்வது யார்? அடுக்கில் அடுத்து இருந்த அட்டை. நமக்கு முன்னால் ஒருவர் ஏறியிருந்தால் நம் பலன் அவருக்குப் போயிருக்கும்.

இந்த வகை எந்திரங்களின் நவீன காலத் தொடக்கம் லண்டன். பெர்சிவல் எவரிட் என்பவர் 1883ல் காசு போட்டால் அஞ்சலட்டை தரும் எந்திரத்தை வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் எடை எந்திரமும் அவர் கையிலிருந்தே வந்தது. 1889ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் வில்லியம் கிரே காசு போட்டுப் பேசும் தொலைபேசியை நிறுவினார். பத்து வருடத்துக்குள் எழுத, எடை பார்க்க, பேச என்று மூன்றுக்கும் வழி செய்தாயிற்று. நம் ரயில் நிலையங்களில் நின்றவை இந்த வம்சம்தான்.

காசு இளைத்த கதை

எந்திரங்கள் ஏன் செத்தன என்று கேட்டால் எல்லோரும் செல்போனையும் டிஜிட்டல் தராசையும் கைகாட்டுவார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை நம் வீட்டு உண்டியலைக் கவிழ்த்தாலே பார்த்துவிடலாம். ஒரு ரூபாய் என்று நாம் சொல்லும் பொருள், ஒரு தலைமுறைக்குள் மூன்று முறை உடம்பு மாறியிருக்கிறது.

1975ல் வந்த குப்ரோநிக்கல் ஒரு ரூபாய் 8 கிராம் கனம், 28 மில்லிமீட்டர் விட்டம். உள்ளங்கையில் வைத்தால் காசு என்று தெரியும். 1980களின் தொடக்கத்தில் அது 6 கிராமாகவும் 26 மில்லிமீட்டராகவும் இளைத்தது. 1992ல் உலோகமே மாறியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், 4.85 கிராம், 25 மில்லிமீட்டர். 2011ல் வந்த புதிய வரிசையில் 3.79 கிராம், 22 மில்லிமீட்டர். கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் வடிவமைத்த ₹ குறி ஏறியது இந்த வரிசையில்தான். முதல் காசில் பாதி கனம்கூட இல்லை நான்காவது காசு. உலோகத்தின் விலை ஏறி காசின் முகமதிப்பை நெருங்கினால், உருக்கி விற்க ஆள் வந்துவிடும். அரசு காசை இளைக்க வைப்பது அதனால்தான். அதில் குறை சொல்ல முடியாது.

ஆனால் எந்திரத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். பழைய இயந்திர வகைப் பெட்டியில் காசைச் சோதிக்கும் வழிகள் எளிமையானவை. பிளவைவிடப் பெரிய காசு நுழையாது. சிறியது வழியில் விட்டிருக்கும் இடைவெளியில் நழுவி வெளியே வந்துவிடும். சரியான விட்டம் உள்ளது ஒரு சின்னத் தொட்டிலில் போய் உட்காரும். எடை குறைவென்றால் தொட்டில் சாயாது. இதற்கெல்லாம் மேலே பல பெட்டிகளில் ஒரு காந்தமும் இருக்கும். இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டிப் போட்டு ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதற்கு.

குப்ரோநிக்கல் காந்தத்தில் ஒட்டாது. 1992க்குப் பிந்தைய ஸ்டீல் காசு ஒட்டும். வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் இருக்கும் காந்தத்தை எடுத்து 1985ஆம் வருடக் காசில் வையுங்கள், பிறகு 1995ஆம் வருடக் காசில் வையுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். கள்ளக் காசைப் பிடிக்க வைத்த காந்தம், அரசு அச்சடித்த அசல் காசையே பிடித்து நிறுத்தும் நிலை வந்தது. எந்திரக்காரர் காந்தத்தைக் கழற்ற வேண்டும், பிளவைக் குறுக்க வேண்டும், தொட்டிலின் எதிர்கனத்தைக் குறைக்க வேண்டும். செலவு செய்து இதையெல்லாம் முடித்து மூச்சு விடுவதற்குள் அடுத்த வரிசை வந்துவிடும். அதுவரை வந்ததும் செல்லும், புதியதும் செல்லும். ஒரே சந்தையில் இரண்டு மூன்று உடம்போடு ஒரு ரூபாய் புழங்கும்.

இதைவிட ஆச்சரியமான ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காக அளவுகளை எழுதி அடுக்கிப் பார்த்தபோது எனக்கே பிரமிப்பாக இருந்தது. 6 கிராம், 26 மில்லிமீட்டரில் இருந்த ஒரு ரூபாய் விலகியதும் அதே கனம், அதே அகலத்தில் பதினோரு முனை இரண்டு ரூபாய் வந்து உட்கார்ந்தது. 4.85 கிராம், 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாய் 2011ல் விலகியது. அதே 4.85 கிராம், 25 மில்லிமீட்டரில் புதிய இரண்டு ரூபாய் வந்தது. 3.79 கிராம், 22 மில்லிமீட்டர் யாருடைய அளவு? ஸ்டீல் ஐம்பது காசுடையது. இன்று அது ஒரு ரூபாயின் அளவு. அண்ணன் போட்ட சட்டையைத் தம்பி போடுவது வீட்டு வழக்கம். இங்கே தம்பி கழற்றிய சட்டையை அண்ணன் போட்டுக்கொள்கிறான். விலைவாசி ஏறிய கதையை எந்தப் பொருளாதாரப் புத்தகமும் இவ்வளவு துல்லியமாகக் கையில் தொட்டுப் பார்க்கும்படி சொல்லவில்லை.

பழைய ஒரு ரூபாய்க்கு அளவு வைத்த பெட்டி ஒன்று இன்று எங்காவது உயிரோடு இருந்தால், புதிய ஒரு ரூபாயை அது துப்பிவிடும். புதிய இரண்டு ரூபாயை ஒரு ரூபாய் என்று நம்பி வாங்கிக்கொள்ளும். அந்தப் பெட்டியைப் பொறுத்தவரை காலம் 2010ல் நின்றுபோயிருக்கிறது.

வேறு நாடுகளில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1965ல் அமெரிக்கா தன் கால் டாலர் காசிலிருந்து வெள்ளியை எடுத்தபோது, புதிய உலோக அடுக்கை விற்பனை எந்திரங்கள் பழைய காசாகவே ஏற்றுக்கொள்ளும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். காசின் விட்டத்தில் கை வைக்கவில்லை. அதனால்தான் நூறு வயது எந்திரம்கூட அங்கே இன்றைய காசுக்கு ஆடுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் மீனவர் துறையில் இருக்கும் 'மியூசே மெக்கானிக்' என்ற காட்சிக்கூடத்தில் இப்படி முந்நூறுக்கு மேற்பட்ட எந்திரங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, காசு போட்டு எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்கலாம். பிரிட்டன் 1971 பிப்ரவரி 15ல் தசமக் காசுக்கு மாறியது, சில மாதங்களில் பெரிய பழைய பென்னி செல்லாமல் போனது. அதற்காகச் செய்த கேளிக்கை எந்திரங்கள் அநாதையாயின. ஆர்வலர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பழைய பென்னிகளை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்தார்கள். இன்றும் அங்குள்ள பழைய பென்னி எந்திரக் கூடங்களில் வாசலில் பணம் கொடுத்துப் பழைய பென்னிகளை மாற்றிக்கொண்டுதான் உள்ளே விளையாட வேண்டும்.

நாமும் 1957 ஏப்ரல் 1ல் அணாவிலிருந்து நயா பைசாவுக்கு மாறியவர்கள்தான். 2011 ஜூன் கடைசியோடு 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் செல்லாமல் போயின. அவற்றுக்கென்று செய்த பிளவுகள் என்ன ஆயின என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஓசூர் பேசிய பெட்டி

ஒரு ரூபாய் போன் ஓசூருக்கு என்னவாக இருந்தது என்பதை, சிப்காட் தொழிற்பேட்டையில் அந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களிடம் கேட்க வேண்டும். 1980ல் இங்கே டிவிஎஸ் 50 மொபெட் வெளிவந்தது, அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அந்தப் பத்தாண்டின் பிற்பாதியில் டைட்டன் கடிகாரங்கள் வந்தன. தர்மபுரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்த பையன்கள் தெருவுக்குப் பத்துப் பேராக அறை எடுத்துத் தங்கினார்கள். முதலில் மஞ்சள் பலகை போட்ட எஸ்டிடி கடை. பிறகு மளிகைக் கடை வாசலில், டீக்கடை கல்லாப் பக்கத்தில், சிவப்பும் மஞ்சளுமாகச் சின்னப் பெட்டி. ஷிஃப்ட் விட்டதும் அதற்கு முன்னால் வரிசை நிற்கும். சம்பளம் வந்ததா, தங்கைக்கு வரன் பார்த்தார்களா, ஏரியில் தண்ணி வந்ததா என்று எல்லாவற்றையும் ஒரு ரூபாய்க்குள் அடக்க வேண்டும். நேரம் முடியப் போகிறது என்று 'பீப்' சத்தம் வந்ததும் இடது கையால் சட்டைப் பையில் அடுத்த காசைத் துழாவிக்கொண்டே பேசுவார்கள். கடைக்காரர் சில்லறை கொடுத்தே ஓய்ந்து போவார். மாற்றுத்திறனாளிகள் பலர் இந்தப் பெட்டியை வைத்துக் குடும்பம் நடத்தினார்கள்.

அந்தப் பெட்டிக்குள் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. காசு போட்டவுடனே அது கல்லாவில் விழுந்துவிடாது. வழியில் ஒரு தடுப்பின் மேல் காத்து நிற்கும். எதிர்முனையில் போனை எடுத்ததும், தொலைபேசி நிலையம் கம்பியின் மின்துருவத்தை மாற்றிக் காட்டும். அந்த சைகை கிடைத்தால்தான் ஒரு சின்ன மின்காந்தம் தடுப்பை இழுக்கும், காசு கல்லாவுக்குள் போகும். யாரும் எடுக்கவில்லையென்றால் ரிசீவரை வைத்ததும் காசு திரும்பி வரும். நியாயம் தவறாத பெட்டி.

செல்போனில் அழைப்பைப் பெறுகிறவர் காசு கொடுக்க வேண்டியதில்லை என்று 2003 மே மாதம் வந்ததும் அதன் காலம் முடியத் தொடங்கியது. கையில் போன் வைத்திருப்பவர் ஊரிலிருந்து அழைக்கச் சொல்லி மிஸ்டு கால் கொடுத்தாலே போதும் என்றானது. சில வருடங்களில் பெட்டிகள் கடை அலமாரிக்கு மேலே ஏறின. பிறகு எடைக்குப் போயின. போன் பெட்டியென்றால் உள்ளே இருக்கும் செம்புக்காக உடைத்தார்கள். எடை எந்திரமென்றால் வார்ப்பிரும்பு மேடைக்கே நல்ல விலை.

யார் சேர்வது, எப்படிச் சேர்வது

பழைய காசைச் சேர்க்கிறவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கண்காட்சி நடத்துகிறார்கள், சங்கம் வைத்திருக்கிறார்கள். சங்ககாலப் பாண்டியன் பெருவழுதி நாணயத்தை உலகுக்குக் காட்டியவர், 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் ஆர்வத்தால் தொடங்கிய சேகரிப்பு நம் வரலாற்றின் காலக்கணக்கையே பேச வைத்தது. அந்தக் கூட்டத்தின் பக்கத்திலேயே, காசை விழுங்கிய எந்திரங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை. அமெரிக்காவில் 'காயின் ஆபரேட்டட் கலெக்டர்ஸ் அசோசியேஷன்' என்று இதற்கே ஓர் அமைப்பு இருக்கிறது. இங்கிலாந்தில் டிம் ஹன்கின் என்ற பொறியாளர், பழையவற்றைக் காப்பதோடு நிற்காமல் புதிதாகவே காசு எந்திரங்களைச் செய்து சவுத்வோல்டு கடற்பாலத்தில் வைத்திருக்கிறார். குழந்தைகள் பாட்டனோடு வந்து காசு போடுகிறார்கள்.

இந்த வேலைக்கு ஓசூர் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தென்னிந்தியாவில் இருக்கிறதா என்று தெரியவில்லை. பல்சக்கரம், ஸ்பிரிங், கேம், நெம்புகோல் எல்லாம் இங்கே பேச்சுவழக்கு. சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் பட்டறைகளில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினால் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற கணக்கில் வேலை நடக்கிறது. ஒன்றரை மணி நேரத் தூரத்தில் பெங்களூரு: 1948ல் தொடங்கிய இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ் (இதுவும் ஐடிஐதான்) தொழிற்சாலை அங்கே, 1961 முதல் கடிகாரம் செய்த எச்எம்டியும் அங்கே. எச்எம்டி கடிகாரப் பிரிவு மூடப்பட்டபோது என்ன நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தாத்தாவின் 'ஜனதா'வையும் 'பைலட்'டையும் தேடி வாங்கிப் பழுது பார்த்துக் கட்டிக்கொள்ளும் இளைஞர் கூட்டம் இந்தியா முழுக்க உருவானது. ஓய்வு பெற்ற மெக்கானிக்குகளுக்கு மறுபடி மரியாதை வந்தது. காசு எந்திரத்துக்கும் அது நடக்க முடியும். கடிகாரத்தைச் சட்டைப் பையில் காப்பாற்றலாம், ஆள் உயரப் பெட்டிக்கு வீட்டில் இடம் வேண்டும் என்பது மட்டும்தான் வித்தியாசம். வீட்டில் இடமில்லாவிட்டால் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களுக்குப் பக்கத்தில் ஒரு மூலை கேட்கலாம். கேட்க வேண்டும்.

இந்த ஆர்வத்துக்குள் வர முழு எந்திரம் தேவையில்லை. ஓர் எடை அட்டை போதும். பழைய டிரங்குப் பெட்டியில், பள்ளிக்கூட நோட்டின் நடுவில், பூஜை அறை அலமாரியில் அது கிடக்கும். தூக்கிப் போடாமல், எந்த ஊர் நிலையத்தில், ஏறத்தாழ எந்த வருடம், எந்தக் காசு போட்டு வாங்கியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பின்பக்கம் பென்சிலால் எழுதி வையுங்கள். அட்டையில் தேதி இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ரூபாய் போன் வைத்திருந்த கடைக்காரர் உங்கள் தெருவிலேயே இருப்பார். பெட்டியின் சாவி இன்னும் அவர் மேஜை டிராயரில் கிடக்கலாம். காயலான் கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் அவரும் கைபேசியில் கூப்பிடுவார், அவர்களைப் போல ஞாபகசக்தி உள்ளவர்கள் குறைவு.

பெட்டி கிடைத்துவிட்டால் முதல் வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது. பலர் ஆர்வத்தில் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளவென்று புதுப் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பெட்டியின் மேல் பழைய எழுத்துகள், கட்டணம் மாற்றி ஒட்டிய தாள்கள், பிளவைச் சுற்றிக் கைகள் தேய்த்த தடம் எல்லாம் அதோடு போய்விடும். ஐம்பது காசு என்று எழுதியதன் மேல் ஒரு ரூபாய் என்று எழுதியிருந்தால் அந்த இரண்டு பூச்சும்தான் அதன் வரலாறு. கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு கோணத்திலும் படம் எடுங்கள். ஒவ்வொரு திருகையும் எங்கிருந்து எடுத்தீர்கள் என்று குறித்து வையுங்கள். பிளவின் நீளம், அகலம், தொட்டிலின் விட்டம் மூன்றையும் வெர்னியரால் அளந்தாலே அது எந்த வருடக் காசுக்காகச் செய்தது, எந்த வருடம் திருத்தியது என்று சொல்லிவிடலாம். 28க்கு ஏற்ற பிளவை 26க்குக் குறுக்கியிருக்கிறார்களா, காந்தத்தைக் கழற்றிய திருகு ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இவ்வளவும் தெரிந்த பின்பே எண்ணெய், துணி, தூரிகை.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஆட்கள். இந்தப் பெட்டிகளைத் திறந்து மூடிய லைன்மேன்கள், ஸ்பிரிங் மாற்றிய ஃபிட்டர்கள் இன்று அறுபதும் எழுபதும் தாண்டியவர்கள். அவர்கள் கையில் வரைபடம் கிடையாது, கை மட்டும்தான் உண்டு. எந்தத் திருகைக் கால் சுற்று விட்டால் தேய்ந்த காசும் விழும், எந்த மழைக்காலத்தில் நெம்புகோல் துரு ஏறி எடையை ஒரு கிலோ கூட்டிக் காட்டும் என்பதை அவர்களிடம் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யாவிட்டால், பெட்டி கிடைத்தாலும் அது ஓடாது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையிலோ ஓசூர் டீக்கடையிலோ அப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கலாம். கைபேசியில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்த ஒரு நொடி போதும்.

தண்ணீர்க் குழாய்களையும் இப்போதே பதிந்துகொள்ள வேண்டும். அவற்றில் பலவற்றுக்குப் பக்கத்தில் க்யூஆர் அட்டை ஒட்டியாயிற்று. காசு போடுவதற்குப் பதிலாக க்யூஆரை ஸ்கேன் செய்தால் காசு கொடுக்கும் எந்திரங்களைச் சோதிக்கப் போவதாக ரிசர்வ் வங்கியே 2023ல் அறிவித்தது. பிளவுள்ள முகப்பு கண்ணுக்கு எதிரே இருக்கும்போதே ஒரு படம், உள்ளே இருக்கும் மாதிரிக் காசின் வருடம், ஊரின் பெயர், கட்டணம் இத்தனையும் ஒரு நோட்டில் ஏறட்டும். பத்து வருடம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

கடைசியாக, பழைய பென்னிகளைச் சேர்த்து வைத்த பிரிட்டன்காரர்களைப் போல நாமும் காசை ஒதுக்க வேண்டும். பிளவு இருந்து பயனில்லை, அதற்கேற்ற காசு வேண்டும். 1992 முதல் 2010 வரை அச்சிட்ட 25 மில்லிமீட்டர் ஒரு ரூபாய் இன்னும் செல்லும், சில்லறையில் இன்னும் வருகிறது, ஆனால் வருடத்துக்கு வருடம் குறைகிறது. அதற்கு முந்தைய 26 மில்லிமீட்டர்க் காசு கோயில் உண்டியல் எண்ணும் இடங்களிலும் பழைய உண்டியல்களிலும் தட்டுப்படும். ஒரு பெட்டிக்கு இருபது காசு இருந்தால் போதும். விழுந்ததையே கல்லாவிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொள்ளலாம். வங்கியில் கட்டுவதற்கு முன், கையில் இருக்கும் சில்லறையை ஒரு முறை மேஜையில் கொட்டி வருடம் பார்த்துவிடுங்கள்.